பதக்கத்தின் விளிம்பைப் படிப்பது

1804-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மீது படையெடுப்பதற்காக நெப்போலியன் பூலோன் கடற்கரையில் பெரும்படையைத் திரட்டி நிறுத்தியிருந்தார். வெற்றி கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பில் அதற்கான பதக்கமும் தயாரானது. ஒரு பக்கம் நெப்போலியனின் தலை. மறுபக்கம் ஹெர்குலிஸ், அந்தேயஸ் என்ற அரக்கனைத் தரையிலிருந்து தூக்கி நெரிக்கிறான். கீழே பிரெஞ்சு மொழியில், 1804-இல் லண்டனில் அடிக்கப்பட்டது என்று பொறித்திருக்கிறது. படை கால்வாயைத் தாண்டவே இல்லை. மறு ஆண்டே முகாமைக் கலைத்துக்கொண்டு ஆஸ்திரியாவை நோக்கிக் கிளம்பிவிட்டது. ஆனால் லண்டனில் அடித்ததாகச் சொல்லும் அந்தப் பதக்கத்தின் பிரதிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் செய்தவை.

வேடிக்கையான கதைதான். ஆனால் நினைவுப் பதக்கங்களைச் சேகரிக்கிறவருக்கும் பட்டியலிடுகிறவருக்கும் இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது. பதக்கத்தின் மேல் எழுதியிருப்பது, அதைச் செய்வித்தவர் நம்மிடம் சொல்ல விரும்பியது. நடந்ததைத் தெரிந்துகொள்ள அதன் விட்டத்தை அளக்க வேண்டும், எடை போட வேண்டும், உலோகத்தைப் பார்க்க வேண்டும், விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய பட்டியல்கள் பல இரண்டு பக்கங்களையும் அழகாக வருணித்துவிட்டு அத்தோடு நின்றுவிட்டன. அப்படிப்பட்ட பட்டியல் பாதிப் பட்டியல்தான் என்பது என் எண்ணம்.

நாணயத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. எடைக்கும் மாற்றுக்கும் சட்டம் உண்டு. கள்ள நாணயம் அடித்தால் தண்டனை உண்டு. பதக்கத்துக்கு இப்படி யாரும் பொறுப்பில்லை. மன்னர் செய்விக்கலாம், வணிகர் செய்விக்கலாம், சங்கம் செய்விக்கலாம், எதிரியைக் கேலி செய்யத் தனியாள் ஒருவர் தன் பட்டறையிலேயே வார்க்கலாம். எத்தனை செய்தார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் இராது. முந்நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் அதையே அச்செடுத்து வார்த்தால் கேட்பாரும் கிடையாது.

இந்தக் கலை முழு உருவம் பெற்றது இத்தாலியில், பிசானெல்லோ என்ற ஓவியரின் கையில். 1438-இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் பாலியோலோகஸ், ஃபெராரா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு வந்தார். ஒட்டோமானியர் கான்ஸ்தாந்திநோபிளை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். மேற்கின் படையுதவி வேண்டுமானால் கிழக்குத் திருச்சபையும் உரோமும் இணங்கிப்போக வேண்டும்; அந்தப் பேச்சுக்குத்தான் வந்தார். விநோதமான கூர்முனைத் தொப்பியும் சுருண்ட தாடியுமாக வந்திறங்கிய அந்த விருந்தாளியையும் அவருடைய பரிவாரத்தையும் பிசானெல்லோ நேரில் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள் பாரிஸ் லூவ்ரிலும் சிகாகோவிலும் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிறந்தது ஏறத்தாழ 103 மில்லிமீட்டர் விட்டமுள்ள பதக்கம். முன்பக்கம் தொப்பியணிந்த பேரரசர், பக்கவாட்டு முகமாக. சுற்றிலும் கிரேக்க எழுத்து. பின்பக்கம் பாறைகளுக்கு நடுவே வழியோரச் சிலுவை ஒன்றின் முன் அவர் குதிரைமேல் இருக்கிறார். பின்னால் ஒரு பணியாள் தன் குதிரையோடு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். சங்கக் கூட்டம் இழுத்துக்கொண்டே போக, பேரரசர் வேட்டையிலேயே பொழுதைக் கழித்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். ஓவியர் பிசானோவின் படைப்பு என்று லத்தீனிலும் கிரேக்கத்திலும் கையொப்பம் இருக்கிறது. வார்ப்படத் தொழிலாளியாகவோ பொற்கொல்லராகவோ அவர் கையெழுத்திடவில்லை, ஓவியராகவே இட்டார். பிற்காலப் பதக்கங்களிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

செய்முறையைத் தெரிந்துகொண்டால்தான் பட்டியலிடுவதில் உள்ள சிக்கல் விளங்கும். சுவாமிமலை ஸ்தபதி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகும் போய்விடுகிறது, மண் அச்சையும் உடைத்தாக வேண்டும். ஒரு கருவுக்கு ஒரே சிலை. பதக்கம் தட்டையானது. மெழுகு உருவின் இரு பக்கங்களையும் மண்ணிலோ மணலிலோ அழுத்தி அச்செடுத்து வார்த்தால் மூல உரு பிழைத்திருக்கும், மறுபடி அச்செடுக்கலாம். அதைவிட முக்கியம், வார்த்து முடித்த வெண்கலப் பதக்கத்தையே மூலமாக வைத்தும் அச்செடுக்கலாம். பிசானெல்லோ காலத்திலேயே இது நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பு மோகம் ஏறியபோது இன்னும் நிறைய நடந்திருக்கிறது. இன்று ஓர் அருங்காட்சியகத்தில் அந்தப் பேரரசர் பதக்கத்தைப் பார்த்தால், கண்ணாடிக்குள் இருப்பது மகனா, பேரனா, கொள்ளுப்பேரனா என்று கேட்டாக வேண்டும்.

விடை உலோகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்குகிறது. ஒரு பதக்கத்திலிருந்து அச்செடுத்து வார்த்த பிரதி அதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு சிறியதாக இருக்கும். அதிலிருந்து இன்னொன்று வார்த்தால் அது மேலும் குறையும். நூறு மில்லிமீட்டர்ப் பதக்கத்தில் இது சாதாரண அளவுகோலுக்கே தெரிகிற வேறுபாடு. ஆனால் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தால் ஏமாறலாம். அரத்தால் தேய்த்து விளிம்பைக் குறைத்திருப்பார்கள், அல்லது வார்க்கும்போது அகலம் கூட்டியிருப்பார்கள். ஆகவே புடைப்பின் உள்ளே இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, தொப்பியின் கூர்முனையிலிருந்து ஓர் எழுத்தின் கால் வரை என்பது போல, எல்லாப் பிரதிகளிலும் அதே தூரத்தை அளக்கிறார்கள். எந்தத் தூரம் மிகப் பெரியதோ அது மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்களும் உண்டு. பிரதியின் பிரதியில் முடிக்கற்றைகள் மழுங்கிப் போகும். எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்தது மாதிரி வழுவழுக்கும். அந்த மழுங்கலை மறைக்கச் சிற்றுளியால் கீறித் திருத்துவதும் வழக்கம். ஆகவே தாடி கலங்கியிருந்து எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அழகு குறைந்த ஈயத்தில் வார்த்த பிரதிகள் சில நேரம் வெண்கலத்தைவிட நுட்பம் காட்டுவதும் உண்டு. ஈயம் குறைந்த சூட்டில் உருகி அச்சின் இண்டு இடுக்கிலெல்லாம் புகுந்துவிடும். சோதனை வார்ப்புக்கு அதைத்தான் எடுத்தார்கள். விலையை வைத்துப் பார்க்கிற சேகரிப்பாளர் ஈயத்தைத் தள்ளிவிடுவார், பட்டியலிடுகிறவர் தள்ளக்கூடாது.

இந்தப் பார்வையை ஒரு முறையாக நிலைநாட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய, பதக்கப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1931-இல் அந்த மியூசியத்துக்கே இயக்குநரானார். அதற்கு முந்தைய ஆண்டு, செல்லினிக்கு முற்பட்ட இத்தாலிய மறுமலர்ச்சிப் பதக்கங்களின் முழுத் தொகுப்பை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். 1,300-க்கு மேற்பட்ட பதக்கங்கள். எந்தப் பிரதி எந்தச் சேகரிப்பில் இருக்கிறது, விட்டம் என்ன, எது நல்ல வார்ப்பு, எது பிற்கால வார்ப்பு என்ற குறிப்புகள். பேரரசர் பதக்கம் அதில் 19-ஆம் எண். இன்றும் உலகத்தின் எந்த மூலையில் ஏலம் நடந்தாலும் ‘ஹில் 19’ என்றால் போதும். ஹில்லுக்கு முன் பிரான்சில் ஆல்பிரெட் அர்மான் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டிருந்தார். ஹில் அதன்மேல் கட்டினார். அறுபது வயதைக் கடந்த ஒருவர், கணினியோ வண்ணப் படமோ இல்லாத காலத்தில், ஐரோப்பிய நகரங்களின் சேகரிப்புகளையெல்லாம் ஒப்பிட்டுச் செய்த வேலை அது. பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள், கூட்டியிருக்கிறார்கள். எண்ணை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பதக்கத்தில் உள்ள ஆண்டு எதைக் குறிக்கிறது என்பது அடுத்த சிக்கல். ரிமினி நகரத்தை ஆண்ட சிகிஸ்மொந்தோ மலதெஸ்தா தம் பதக்கங்களைக் கட்டடச் சுவர்களுக்குள் வைத்துப் பூசிவிடும் வழக்கமுடையவர்; பின்னாளில் சுவரிலிருந்தே பல கிடைத்தன. மத்தேயோ தெ பாஸ்தி அவருக்குச் செய்த பதக்கங்கள் பலவற்றில் 1446 என்றிருக்கிறது. அது ரிமினிக் கோட்டையோடு சேர்ந்த ஆண்டு. எல்லாப் பதக்கமும் அந்த ஆண்டிலேயே வார்த்தது என்று எடுத்துக்கொண்டால் தவறு. அதே கலைஞரின் 1450 பதக்கத்தில் ரிமினி ஆலயத்தின் முகப்பு பெரிய குவிமாடத்தோடு நிற்கிறது. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி திட்டமிட்ட அந்தக் குவிமாடம் கட்டப்படவே இல்லை. அவர் மனத்திலிருந்த கட்டடம் எப்படிப்பட்டது என்று இன்று கேட்டால் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் இந்தப் பதக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நெப்போலியனின் பதக்கம் நடக்காததை நடந்ததாகச் சொன்னது. இதுவும் இல்லாததைத்தான் காட்டுகிறது, ஆனால் அதுவே இதன் மதிப்பாகிவிட்டது.

பதினான்காம் லூயி இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ஆட்சியின் நிகழ்ச்சிகளைப் பதக்கங்களாகச் சொல்ல அறிஞர் குழு ஒன்று இருந்தது. 1702-இல் 286 பதக்கங்களின் படங்களும் விளக்கங்களுமாக அரச அச்சகம் ஒரு பெருநூலை வெளியிட்டது. பதக்கமெல்லாம் ஒரே அளவு, 41 மில்லிமீட்டர். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்தவற்றுக்கெல்லாம் கிழவனான பிறகு அச்சு வெட்டினார்கள். பதக்கத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது போய், பட்டியலுக்காகப் பதக்கம் அடித்த கதை இது.

அச்சால் அடித்த பதக்கங்களில் சுருக்க அளவு உதவாது. எஃகு அச்சு பெட்டகத்தில் பத்திரமாக இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அதே அளவில் அதே கூர்மையோடு அடிக்கலாம். பாரிஸ் நாணயச்சாலை அப்படித்தான் லூயி காலத்து அச்சுகளையும் நெப்போலியன் காலத்து அச்சுகளையும் மறுபடி மறுபடி பயன்படுத்தியது. இன்றும் பழைய அச்சுகளை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1832 முதல் விளிம்பில் ஒரு சிறு முத்திரை குத்தத் தொடங்கினார்கள். முதலில் பழங்கால விளக்கு. 1841-இல் நங்கூரம், அதுவும் ஓராண்டுக்குள் போய் 1842-இல் கப்பலின் முன்முனை வந்தது. 1845 முதல் 1860 வரை சுட்டிக்காட்டும் கை. பிறகு 1880 வரை தேனீ. அதன்பின் வளக்கொம்பு; கூடவே உலோகத்தின் பெயரும். முத்திரையே இல்லையென்றால் 1832-க்கு முற்பட்டதாக இருக்கலாம்.

இந்த ஆறு அடையாளங்களும் தெரிந்தவர் கையில் ஒரு பதக்கம் கிடைத்தால் நடப்பதைக் கவனியுங்கள். ஆஸ்டர்லிட்ஸ் போர், 1805 என்கிறது முகப்பு. விளிம்பைத் திருப்பினால் உருப்பெருக்கிக்குக் கீழே எள்ளளவு தேனீ. தேனீ நெப்போலியனின் சின்னமாயிற்றே என்று புதியவர் மகிழ்ந்துபோவார். உண்மையில் அது மூன்றாம் நெப்போலியன் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னோ அடித்த பிரதி என்பதற்கான ஒப்புதல். விலை பல மடங்கு குறைந்துவிடும். விளிம்பை அரத்தால் தேய்த்து முத்திரையை அழித்த பதக்கங்களும் சந்தையில் உண்டு என்பதால், தேய்த்த தடம் இருந்தால் அதையும் பட்டியலில் எழுத வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்துப் பதக்கம் ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. 1915 மே 7 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி லூசித்தானியா என்ற பயணிகள் கப்பலை அயர்லாந்துக் கரையருகே மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். மியூனிக் நகரத்துக் கலைஞர் கார்ல் கோட்ஸ் தாமாகவே ஒரு கேலிப் பதக்கம் வார்த்தார். ஒரு பக்கம் கப்பல் மூழ்குகிறது. அதன் தளத்தில் பீரங்கியும் விமானமும். மறுபக்கம் கப்பல் நிறுவனத்தின் பயணச்சீட்டுக் கூடம். சன்னலுக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு சீட்டு விற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே வியாபாரம்தான் என்பது மேலே உள்ள வாசகம். ஆபத்து என்று தெரிந்தே காசுக்காகப் பயணிகளை ஏற்றினார்கள் என்பது கோட்ஸின் குற்றச்சாட்டு. தேதியில் மட்டும் சறுக்கிவிட்டார். மே 5 என்று போட்டார்.

பிரிட்டனுக்கு அந்த ஒரு எண்ணே போதுமானதாக இருந்தது. கப்பல் மூழ்குமுன்பே பதக்கம் தயார், ஆகவே இது திட்டமிட்ட கொலை என்று பிரசாரம் நடந்தது. லண்டனில் அந்தப் பதக்கத்தைப் படியெடுத்து, அட்டைப் பெட்டியில் விளக்கத் துண்டறிக்கையோடு வைத்து, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். வருமானம் செஞ்சிலுவைக்கும் பார்வையிழந்த போர்வீரர்களுக்கும் போனது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கோட்ஸ் வார்த்தது சில நூறுதான். அவர் பின்னால் தேதியை மே 7 என்று திருத்தியும் வார்த்தார். 1917-இல் பவேரிய அரசு அதைத் தயாரிப்பதற்கே தடை போட்டது. ஜெர்மனியை இழிவுபடுத்த எதிரிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது என்று அவர்களுக்கும் அதற்குள் புரிந்திருந்தது.

கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலவே இருக்கும். மாதத்தின் பெயரைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: கோட்ஸின் மூலத்தில் அது ஜெர்மன் எழுத்துக்கூட்டில் ‘ஐ’ என்ற எழுத்தோடு முடியும், லண்டன் பிரதியில் ஆங்கிலப்படி ‘ஒய்’ எழுத்தோடு முடியும். ஒரே எழுத்து, ஒன்று ஜெர்மன் கலைஞரின் கேலி, மற்றது பிரிட்டிஷ் பிரசாரம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு லூசித்தானியா பதக்கம் என்று எழுதிய பட்டியல் வரலாற்றையே கலைத்துவிடும். கோட்ஸின் பதக்கங்களையெல்லாம் வரிசைப்படுத்திக் குந்தர் கீனாஸ்டு 1967-இல் வெளியிட்ட நூலில் இது 156-ஆம் எண். பெட்டியும் துண்டறிக்கையும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே பதிவுசெய்வது இன்றைய வழக்கம். அது சரியான வழக்கம். இங்கே பெட்டிதான் பதக்கம் எதற்காகப் பிறந்தது என்று சொல்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தால், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்வித்த பதக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில், கான்ராட் ஹைன்ரிஷ் கூக்லர் வெட்டிய அச்சில் அடித்தது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில், வெற்றிகொள்ளும் இறைவனின் சிங்கம் என்ற தொடர். திப்பு சுல்தான் தம் கொடியிலும் ஆயுதங்களிலும் பொறித்துக்கொண்ட அதே தொடர். தோற்றவரின் முழக்கத்தைப் பிடுங்கி வென்றவர் கொடியில் கட்டியிருக்கிறார்கள். காலனிய கர்வத்தை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அடைத்த இன்னொரு பொருளை நான் கண்டதில்லை. மறுபக்கம் கோட்டைமேல் ஏறும் படை. கீழே பாரசீகத்தில் ஹிஜ்ரி 1213 துல்கஃதா 28 என்ற தேதி.

படத்தை மட்டும் வருணித்தால் இந்தப் பதக்கத்தின் முக்கியமான செய்தி தவறிப்போகும். தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று ஐந்து வகையில் அதை அடித்தார்கள். உயர்ந்த தளபதிகளுக்குத் தங்கம். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கோட்டைச் சுவரில் ஏறிய சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கும் நம் ஊர்ச் சிப்பாய்க்கும் வெள்ளீயம். சென்னை ராணுவத்தில் சேர்ந்து போன தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் கைக்கு, போர் முடிந்து ஒன்பது ஆண்டு கழித்து 1808-இல் வந்து சேர்ந்தது அதுதான். சோஹோவில் அடித்தது 48 மில்லிமீட்டர். கல்கத்தா நாணயச்சாலையில் படியெடுத்து அடித்தது 45 மில்லிமீட்டர். மாட்டிக்கொள்ள வளையம் எதுவும் கம்பெனி தரவில்லை. அணிய விரும்பியவர்கள் தட்டாரிடம் கொடுத்துத் தாங்களே வளையம் வைத்துக்கொண்டார்கள். சந்தைக்காரர் அந்த வளையத்தைக் குறை என்பார், விலையைக் குறைப்பார். வரலாற்றுக்காரருக்கு ஒரு மனிதர் அதை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததற்கு அதுவே சான்று. பிரிட்டிஷ் இந்தியாவோடு தொடர்புள்ள 1750 முதல் 1947 வரையிலான நினைவுப் பதக்கங்களுக்கு ராபர்ட் படெஸ்டர் 2002-இல் வெளியிட்ட பட்டியல்தான் இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது.

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பட்டியலும் இல்லை. பாரிஸில் குஸ்தாவ் டிரைஃபுஸ் சேர்த்த மறுமலர்ச்சிப் பதக்கங்கள் 1914-இல் அவர் இறந்தபின் கைமாறி, கிரெஸ் அறக்கட்டளை வழியாக 1957-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் சேர்ந்தன. சிதறாமல் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் 2007-இல் ஜான் கிரஹாம் பொல்லார்டு அந்தக் கலைக்கூடத்தின் பதக்கங்களுக்கு, உலோகக் கலவையின் சோதனை முடிவுகளோடு விரிவான பட்டியல் எழுத முடிந்தது. நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்துக்கு ஸ்டீபன் ஷெர் 2016-இல் தம் சேகரிப்பைக் கொடுத்தபோதும் அப்படித்தான். மறுபுறம், நல்ல எண்ணத்தோடு செய்த பிரதிகளும் குழப்பம் விளைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி என்பவர் மின்முலாம் முறையில் அருமையான படிகள் செய்து விளிம்பில் தம் பெயரெழுத்துகளைக் குத்தினார். இரண்டு மெல்லிய செப்புத் தகடுகளை ஒட்டி உள்ளே ஈயம் நிரப்பிச் செய்வது இது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். தட்டினால் மணியோசை வராது. மியூசியத்தில் கல்விக்காக வைத்தது மூன்று கை மாறியபின் மூலமென்று விலைபோகும்.

தமிழில் நாணயவியல் நன்றாக வளர்ந்திருக்கிறது. சங்ககாலப் பெருவழுதி நாணயம் முதல் நாயக்கர் காசு வரை எழுதியவர்கள் உண்டு, படிப்பவர்களும் உண்டு. பதக்கம் அந்தக் கவனத்தைப் பெறவில்லை. கல்லூரி நூற்றாண்டு விழா, மன்னர் முடிசூட்டு விழா, சங்கீத சபை, துறைமுகத் திறப்பு என்று வெள்ளியிலும் வெண்கலத்திலும் வந்தவை வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. வெள்ளியாக இருந்தால் ஒருநாள் நகைக்கடைத் தராசில் ஏறி உருகிப்போகும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் புளி போட்டோ பாலிஷ் பூசியோ தேய்க்காதீர்கள். மேலே படிந்திருக்கும் நிறம் போனால் திரும்ப வராது, கூடவே நுட்பமான கோடுகளும் போய்விடும். விட்டத்தைக் காலிப்பர் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள், எடையைக் கிராமில் எழுதுங்கள். இரண்டு பக்கங்களோடு விளிம்பையும் சுற்றிலும் படமெடுங்கள். யாருக்கு, எப்போது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அவர்கள் சொன்னபடியே குறித்து, பழைய பெட்டியோடு சேர்த்து வையுங்கள். விற்பதானாலும் உருக்குவதானாலும் அதற்குப் பிறகு செய்யுங்கள்.